வண்டியை நிறுத்தாதே என்று சொன்னவர் யார்?

1

போன செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பதினேழு பேருந்து எனக்காக நிற்கவில்லை.

அடுத்த வண்டியில் போக வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் தைரியசாலிகள். நான் பதினேழு வருடமாக ஜெர்மனியில், பிரான்ஸ் எல்லையோரம், ஒரு காலத்தில் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊரில் குடியிருப்பவன். இங்கே பேருந்து மூன்று நிமிடம் தாமதமானாலே பலகையில் எழுத்து ஓடி வருத்தம் தெரிவிக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஓட்டுநர் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் போனார்.

 நான் என்ன தப்பு செய்தேன் என்று அங்கேயே நின்று கணக்கெடுக்க ஆரம்பித்தேன். ஊறுகாய் பாட்டிலைக் கழுவாமல் பழைய கண்ணாடி சேர்க்கும் தொட்டியில் போட்டது. இங்கே யாரும் சத்தம் போடக் கூடாத ஞாயிற்றுக்கிழமை மதியம் சுவரில் ஆணி அடித்தது. குடியிருப்பு அனுமதிக்காகப் போனபோது, அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் நம்மூர் வழக்கப்படி 'ஆமாம்' என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. அந்த அம்மா அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார். நானும் மூன்று தரம் ஆட்டினேன். அது எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. அதற்கு இப்போதுதான் தண்டனை வந்திருக்கிறது, நகரப் பேருந்து வழியாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

கம்பத்தில் சாய்ந்து நின்றேன். முதுகில் காகிதம் உரசியது. திரும்பிப் பார்த்தால் அறிவிப்பு. குழாய் வேலை நடப்பதால் நிறுத்தம் நாற்பது அடி தள்ளி மாற்றப்பட்டிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரு வாரமாக அங்கேதான் ஒட்டியிருந்ததாம். அந்த ஒரு வாரமும் என் மனைவி என்னைக் காரில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த பேருந்து வரும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அதற்கு எட்டு நாள் முன்பு, ஆம்பூரில் என் தங்கை ஜெயந்திக்கு வண்டி நிற்காமல் போயிருந்தது. அங்கே யாரும் எந்தக் காகிதமும் ஒட்டவில்லை.

2

ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஷூ கம்பெனிகள் தங்கள் வண்டியை ஊர் ஊராக அனுப்பிப் பெண்களை ஏற்றி வரும். எங்கள் ஊர் பேரணாம்பட்டு சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரேஷன் கடைக்கு எதிரே காலை ஆறு நாற்பதுக்கு வண்டி வரும். டிபன் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் நிற்பார்கள். சிலர் வண்டியில் ஏறித்தான் தலையே பின்னிக்கொள்வார்கள்.

அந்த வண்டி வேலைக்குக் கூட்டிப்போக மட்டும் வருவதில்லை, வேலை போய்விட்டதென்று சொல்லவும் அதுதான் வரும். கம்பெனிக்கு ஒருத்தியைப் பிடிக்காமல் போனால் கடிதம் கொடுக்க மாட்டார்கள், கூப்பிட்டுத் திட்டவும் மாட்டார்கள். வண்டி நிற்காது, அவ்வளவுதான். கை காட்டினாலும் ஓட்டுநர் நேராகச் சாலையைப் பார்ப்பார். மறுநாள் கேட்டால், லிஸ்ட்டில் பேர் இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். லிஸ்ட் எழுதியவரைக் கேட்டால், மேலே சொன்னதைத்தான் எழுதினேன் என்பார். மேலே கேட்டால், நாங்கள் யாரையும் நிறுத்தவில்லையே, வந்தால் வேலை கொடுக்க மாட்டோமா என்று அவர்களே ஆச்சரியப்படுவார்கள். பத்து வேலை நாள் வராமல் இருந்தால், தானாகவே நின்றுவிட்டாள் என்று பெயரை அடித்துவிடலாம்.

ஜெயந்தி சும்மா இருக்கிறவள் இல்லை. இரண்டாம் நாளே டவுன் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி, கம்பெனி கேட்டுக்குப் போனாள். எச்.ஆர். மீட்டிங்கில் இருக்கிறார், வெளியே உட்காரும்மா என்று வாட்ச்மேன் சொன்னார். மாலை சங்கு ஊதும் வரை மீட்டிங் முடியவில்லை. அடுத்த நாளும் அதே மீட்டிங்.

அவள் மட்டுமல்ல. அதே நிறுத்தத்தில் ஏறும் மேரிக்கும் கலாவுக்கும் அதே கதி. மூன்று பேரும் ஸ்டிச்சிங்கில் ஒரே வரிசை.

3

செய்த குற்றம் இது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஷூ வாங்குவதற்கு முன் தொழிற்சாலையைப் பார்க்க ஆள் அனுப்பும். அதற்கு 'ஆடிட்' என்று பெயர். ஒரு வாரம் முன்பே பெண்களுக்கு ஒரு காகிதம் வரும், கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். தண்ணீர் குடிக்க எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஓவர்டைம் எங்கள் விருப்பம். மேஸ்திரி மரியாதையாகப் பேசுவார். ஜெயந்தி அதை போனில் எனக்கு வாசித்துக் காட்டுவாள். மேஸ்திரி வரி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம். ஆடிட் அன்று கை கழுவும் இடத்தில் புது சோப்பு இருக்கும். மறுநாள் இருக்காது.

இந்த முறை ஆடிட்டுக்கு வந்த பெண் பத்துப் பேரைத் தனியாக அழைத்துக் கேட்டாள். ஏழு பேர் பாடத்தை ஒப்பித்தார்கள். ஜெயந்தி, மேரி, கலா மூவரும், பசை போடும் அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி பல மாதமாக ஓடவில்லை, ஆடிட்டுக்கு முந்தின நாள்தான் ஓட்டினார்கள், போன மாதம் ஒரு பெண் அங்கே மயங்கி விழுந்தாள் என்று உள்ளதைச் சொன்னார்கள்.

இனி என் பங்கு. அந்த ஷூவை வாங்குவது நான் வேலை செய்யும் ஜெர்மன் கம்பெனி. ஆம்பூரிலிருந்து வரும் பெட்டிகளைக் கிடங்கில் திறந்து, பசை வெளியே கசிந்திருக்கிறதா, தோலில் சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. என்னைப் போல அங்கே ஆறு பேர். ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் இதை இப்படிச் சொன்னதில்லை. "என் கையெழுத்து இல்லாம ஒரு ஷூ கடைக்குப் போவாது" என்றுதான் சொல்லுவேன். போன முறை தங்கை வீட்டில் பிரியாணி சாப்பிட்ட பிறகு கொஞ்சம் ஏப்பத்தோடு சொன்னேன். மேரியும் கலாவும் அப்போது அங்கே இருந்தார்கள்.

வண்டி நிற்கவில்லை என்று தங்கை சொன்ன அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஏப்பம்தான். நான் விட்ட பந்தாவை நம்பி மூன்று பெண்கள் வாயைத் திறந்துவிட்டார்கள் என்று நடுங்கிப் போனேன். ஜெயந்தி கேட்காமலேயே, "நீ பேஜார் ஆவாத. நான் எங்க கம்பெனிக்கு எழுதிட்டேன்" என்றேன். எழுதவில்லை.

4

அதே வாரத்தில் என் மகள் ஹரிணி ஒரு தாளோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், அரசியல் அறிவியல். அவள் மருத்துவம் படிப்பாள் என்று ஊரில் எல்லாருக்கும் நான் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் கதை தனி. வீட்டுப்பாடம், குடும்பத்தில் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டுமாம். முதல் கேள்வியைத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, நீ யாருக்குப் பயம்?"

யாருக்கும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள். அவள் எழுதிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் ஒரு காலத்தில் இதே பாடத்தைப் படித்தவன்தான். மேல்விஷாரத்தில் கல்லூரியில் வேறு எதிலும் இடமில்லாமல் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்து, ஒரு வருடத்தில் விட்டுவிட்டுத் தோல் பதனிடும் படிப்புக்கு ஓடினேன். அந்த ஒரு வருடத்தில் மனதில் நின்றது ஒரே வரி. ஒருவன் தானாகச் செய்யாத ஒன்றை இன்னொருவன் அவனைச் செய்ய வைத்தால் அதுவே அதிகாரம். பரீட்சைக்கு உதாரணமாக ராஜா, மந்திரி, போலீஸ் எல்லாம் எழுதினேன்.

ஹரிணியின் புத்தகம் அதோடு நிற்கவில்லை. எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பற்றிப் பேசக் கூடாது என்று தீர்மானிப்பதும் அதிகாரமாம். அதைவிடப் பெரியது, பேச வேண்டும் என்ற எண்ணமே ஒருவனுக்கு வராமல் செய்வதாம். அவள் பாதி ஜெர்மனிலும் பாதி தமிழிலும் விளக்க விளக்க, எனக்கு எங்கள் ஊர் வண்டிதான் கண்ணுக்கு முன்னால் ஓடியது. கட்டளையிட்ட ஆள் என்று ஒருவரும் இல்லை. ஓட்டுநருக்கும் சரி, லிஸ்ட் எழுதுகிறவருக்கும் சரி, வாட்ச்மேனுக்கும் சரி, யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் வேலை போய்விடக் கூடாது என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்கூட்டியே பயந்தார்கள். அந்தச் சின்னச் சின்ன பயங்களைக் கூட்டினால் ஒரு வண்டி ஓடுகிறது. டீசல் கூட இரண்டாம்பட்சம்தான்.

அப்புறம் ஒன்று உறைத்தது. கம்பெனிக்கு எழுதாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மேலாளர் மிரட்டவில்லை. நானாகவேதான் எழுதாமல் இருந்தேன். அந்த ஓட்டுநரைப் போலவே, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு.

5

எனக்குப் பேருந்து நிற்காமல் போன மறுநாள், புதன்கிழமை காலை, தேநீர் இடைவேளையில் போன் வந்தது. இந்திய எண். ஆம்பூர் கம்பெனியின் எச்.ஆர்.காரர். பேச்சில் அத்தனை பணிவு. பணிவைக் கேட்டால் உட்கார இடம் தேடும் ஆள் நான். பழைய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

ஜெயந்தி என் தங்கை என்று அவருக்கு நேற்றுதான் தெரிந்ததாம். முன்னாடியே சொல்லியிருந்தால் இவ்வளவு பேஜார் ஆகியிருக்காதாம். யாரையும் நிறுத்தவில்லை, ஓட்டுநருக்குப் புது ரூட், அதில் ஏதோ குழப்பம். அங்கே என்ன குளிர் என்று கேட்டார். பிறகு, "பாப்பா காலேஜ் சேந்துட்டாங்களாமே சார். பாலிடிக்ஸ் படிக்கறாங்களாம். நல்ல படிப்பு" என்றார்.

ஹரிணி என்ன படிக்கிறாள் என்பது ஜெயந்திக்குத் தெரியும். ஜெயந்தி வண்டியில் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லியிருப்பாள். அங்கிருந்து அது நடந்து நடந்து இவர் மேசை வரைக்கும் போயிருக்கிறது. தங்கை கொடுத்த தகவல் ஒன்றுமே இல்லாதது, ஒரு சந்தோஷ சமாச்சாரம். அதை அவர் சொன்னபோது என் பிடரியில் யாரோ ஈரக் கை வைத்த மாதிரி இருந்தது.

"ஆர்டர் கம்மியாச்சுன்னா ஒரு பஸ் ஜனத்துக்கு வேல இல்ல சார். அதான் கவலையா இருக்கு. நீங்க அங்க எந்த டிபார்ட்மெண்ட் சார்?" என்று கடைசியாகக் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பின்னால் ஒரு பையன் பெட்டி ஒட்டும் டேப்பைக் கிர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்று, குரலைக் கனமாக்கி, "கடைசியா எல்லாம் என் கையெழுத்துக்குத்தான் வரும்" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். இந்த வேலைக்கு வந்த ஏழு வருடத்தில் முதல் தடவையாக என் கையெழுத்து ஒருவரைப் பயமுறுத்தியது. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

6

மறுநாள் வியாழன், ஜெயந்திக்குப் பத்தாவது வேலை நாள். காலைச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய குரல் பதிவு வந்து கிடந்தது. ஹரிணியும் பக்கத்தில் இருந்தாள். அழுத்தினேன். முதலில் இஞ்சின் சத்தம்.

"ணா, வண்டி நின்னுச்சு. எனக்கு மட்டுந்தான் ஏறச் சொல்றான். மேரியும் கலாவும் லிஸ்ட்ல இல்லியாம். நான் படியில ஒரு கால் வெச்சுட்டு நிக்கறேன். இன்னா பண்றதுன்னு தெரில." பின்னால் ஒரு பெண் குரல், "ஏறுடி ஜெயந்தி, உன்னால எங்களுக்கும் லேட்டாவுது." அதோடு பதிவு முடிந்தது.

நான் போட்ட கையெழுத்து வேலை செய்திருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் வேலை செய்திருந்தது. மூன்று பேராகச் சொன்னதை ஒரு ஆளின் சிபாரிசாக மாற்றி, மற்ற இருவரையும் நடுத்தெருவில் தனியாக விட்டிருந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஆம்பூர் எச்.ஆர். யோசித்துச் செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா தெரியாது. உதவி செய்தது நான்.

"அத்தை ஏறிச்சா?" என்று ஹரிணி கேட்டாள்.

பதிவு வந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கம்பெனிக்குள் போகும்போது கேட்டில் போனை அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். அணைந்திருந்தால் அவள் ஏறிவிட்டாள். அடித்தால் ஏறவில்லை. அணைந்திருக்க வேண்டும் என்று எத்தனை கடவுளை வேண்டினேன் என்பதை என் மகள் அந்தப் பேட்டித் தாளில் எழுதவில்லை.

போன் அடித்தது. இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"ஏறலியா?" என்றேன்.

"எப்படி ஏறுவேன்? மேரி பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. அதப் பார்த்துட்டு எப்படி ஏறுவேன்? நீ எழுதுனியா இல்லியா?"

ஹரிணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. நான் இங்கே பெரிய ஆள் இல்லை, பெட்டி திறந்து பார்க்கிற ஆறு பேரில் ஒருத்தன், என் பேச்சை நம்பி நீங்கள் வாய் திறந்தது என் தப்பு, நேற்று போன் செய்த எச்.ஆரிடமும் அதே பந்தாவைத்தான் விட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன்.

அவள் சிரித்தாள். வருத்தச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே சிரித்தாள்.

"அய்ய, அது எனக்குத் தெரியாதா? பெரிய ஆளு எவனாச்சும் ஊருக்கு வர்றப்போ ஏர்போர்ட்ல இருந்து பஸ்ல வருவானா? உன்ன நம்பி ஒண்ணும் நாங்க சொல்லல ணா. அந்தப் பொண்ணு விழுந்தப்போ தல தரையில மோதாம புடிச்சது நான். கேட்டாங்க, சொன்னோம்."

பதினேழு வருடமாக ஊரில் நான் கட்டி எழுப்பிய கோட்டையில் அதுவரை ஒருவரும் குடியேறவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவமானத்துக்கு நடுவே லேசாகவும் இருந்தது.

"ஆனா அந்த எச்.ஆர். நம்பறான் இல்ல?" என்றாள். "நம்பித்தான வண்டிய நிறுத்துனான். அவன் விசாரிச்சுத் தெரிஞ்சிக்கறதுக்குள்ள எழுது. உன் பேர் போட்டு எழுது. மூணு பேரையும் எழுது."

பி.ஏ.வில் ஒரு வருடம், இங்கே பதினேழு வருடம். அதிகாரம் என்பது எதிராளி நம்புகிற வரைக்கும்தான் இருக்கும், அது தீருவதற்குள் செலவழித்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஹரிணி பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

அன்று விடுப்புச் சொல்லிவிட்டு எழுதினேன். எங்கள் கம்பெனியில், சரக்கு அனுப்பும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் குறைகளைத் தெரிவிக்க ஒரு படிவம் இருக்கிறது. பெயர் சொல்லாமலும் எழுதலாம். பெயர் எழுதினேன், பதவியும் எழுதினேன், உள்ளபடி. என் ஜெர்மனில் ஒவ்வொரு வரியும் மன்னிக்கவும் என்று தொடங்கி, தொந்தரவு கொடுக்கிறேனோ என்று முடிந்தது. ஹரிணி அதையெல்லாம் அடித்தாள். "அப்பா, நீ ஏன் இவ்ளோ சாரி சொல்லுது? உன் தப்பு இல்லை." மிஞ்சியது மூன்று வரி. ஆர்டரை நிறுத்தாதீர்கள். விசிறியை ஓட வையுங்கள். இந்த மூன்று பேரையும் வேலையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டேன். வீரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. ஆனால் நான் எழுதிய இடத்திலிருந்து இல்லை, பணியாளர் பிரிவிலிருந்து. புதன் காலை பத்து மணிக்கு ஓர் உரையாடலுக்கு வரவும். விரும்பினால் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்து வரலாம். எதைப் பற்றிய உரையாடல் என்று ஒரு வார்த்தை இல்லை. நம்பிக்கைக்குரிய ஒருவர் எதற்கு என்று மனைவியைக் கேட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு வரத்தான் என்றாள். ஹரிணி தானே வருவதாகச் சொல்லிவிட்டாள்; எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டக் கூடாதாம்.

ஆம்பூர் எச்.ஆர்.காரர் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு போன் செய்யவில்லை. நேற்று ஒரே ஒரு செய்தி அனுப்பினார். "பாப்பா எப்படி இருக்காங்க சார்?" பதில் எழுதவில்லை. நான்கு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அதில் குற்றம் சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை.

இன்று செவ்வாய். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தப் புதன் முடிந்திருக்கும். எனக்கு வேலை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் கையெழுத்தின் மதிப்பு ஆம்பூரில் தெரிந்திருக்கவும் கூடும். ஒருவேளை இன்னும் தெரியாமல் இருந்து, அந்தப் பக்கம் யாராவது உங்களிடம் என்னைப் பற்றி விசாரித்தால், கொஞ்ச நாளைக்குப் பெரிய ஆள் என்றே சொல்லி வையுங்கள். இந்தக் குறிப்பை அவர்கள் படித்துவிடுவார்களே என்று நான் கவலைப்படவில்லை. அவர்கள் லிஸ்ட் மட்டும்தான் படிப்பார்கள்.

பத்து நாள் தாண்டிவிட்டதால் மூவரின் பெயரையும் அடித்திருக்க வேண்டும். அடித்தார்களா என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. மூவரும் தினமும் போய் நிற்கிறார்கள். இன்று காலையும் ஆறு நாற்பதுக்கு நின்றார்களாம், டிபன் பையோடு. ஜெயந்தி போனில் சொன்னாள்.

"இன்னிக்கு டிரைவர் ஸ்லோ பண்ணான் ணா. எங்க மூணு பேரையும் பார்த்தான். பார்த்துட்டு, வண்டிக்குள்ள யார் பார்க்கறாங்கன்னு கண்ணாடிய ஒரு தரம் பார்த்துட்டு, போய்ட்டான்."